செவ்வாய்க்கிழமை கேள்விக்கு வியாழக்கிழமை பதில்

“எப்படி இருக்கீங்க அண்ணே?” என்று நான் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் பதில் சொன்னது வியாழக்கிழமை.

நடுவில் இரண்டு நாள் நான் அதை மறந்தே போயிருந்தேன். யார்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ஜார்ஜ் டவுனில் ஒரு சின்ன கிளினிக்கில் நான் நர்ஸ். எங்கள் ஊர் வழக்கில் மிஸ்ஸி. காலையிலிருந்து சாயங்காலம்வரை வருகிறவர்களை எல்லாம் எப்படி இருக்கீங்க என்று கேட்கிறேன். அவர்களும் “ஓகேலா மிஸ்ஸி” என்று சொல்லிக் கையை நீட்டுகிறார்கள். நான் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றுகிறேன். கேள்வியும் பதிலும் அதோடு தீர்ந்தது. இவர் மட்டும் அன்றைக்குத் தலையைச் சாய்த்து மின்விசிறியைப் பார்த்தார். நான் பட்டையைச் சுற்றினேன், எழுதினேன், மாத்திரையைக் கொடுத்தேன், “அடுத்து யாரு?” என்றேன். அவர் போய்விட்டார்.

வியாழக்கிழமை கவுன்ட்டரில் நல்ல கூட்டம். அவரும் வரிசையில் நின்றார். அரை மணி நேரம் நின்று, முறை வந்ததும் என் நெற்றிக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி சொன்னார்: “மிஸ்ஸி, செவ்வாக்கெழம எப்படி இருக்கீங்கன்னு கேட்டீங்க. எடது முட்டி வலிக்குது. மத்தபடி நல்லா இருக்கேன்.” சொன்னார், திரும்பினார், போய்விட்டார். வேறு எந்த வேலையும் இல்லை. அதற்காகவே வந்திருக்கிறார்.

நான் சிரித்த சிரிப்பில், ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் பயந்து கையை இழுத்துக்கொண்டார். தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் ஊசியைத் தொட முடிந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எதிராளி வாயைத் திறந்தால் மீதியை நானே முடித்து வைத்துவிடுவேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வீட்டுக்காரர் ஒரு வாக்கியத்தையாவது சொந்தமாக முடித்திருப்பாரா என்பது சந்தேகம். அப்படிப்பட்ட என்னிடம் இப்படிப்பட்ட ஒரு மனிதரை ஆண்டவன் அனுப்பி வைத்தான் என்றால், அது வேண்டுமென்றே செய்த வேலைதான்.

அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லி. எந்நாளும் நீலக் கட்டம் போட்ட சட்டை. ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போடுகிறார் என்று நினைத்திருந்தேன். ஒரே மாதிரி ஆறு சட்டை வைத்திருக்கிறார் என்பது நான் எப்போதோ கேட்ட ஒரு கேள்விக்கு மூன்று நாள் கழித்து வந்த பதிலில் தெரிந்தது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. அரிசி மணியைவிடச் சின்னச் சில்லுகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பழுது கண்டுபிடிக்க வேண்டும். அந்த நாற்காலியில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்தார். காலை ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடித்து டவுனுக்கு வருவார், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சாப்பிடுவார், மூன்று நாற்பது பஸ்ஸில் ஆயர் ஈத்தாமில் இருக்கும் வீட்டுக்குப் போவார். மழையோ வெயிலோ, இதில் ஒரு மாற்றமும் கிடையாது.

முதல் தடவை பதிவு செய்தபோது, “வேற ஏதாச்சும் நோய் இருக்கா அண்ணே?” என்று கேட்டிருந்தேன். அதற்கு நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதத்தோடு. “ஆட்டிசம் இருக்கு. முப்பத்தாறு வயசுல டாக்டர் பார்த்துச் சொன்னாங்க. அது நோய் இல்ல. அதனால உங்க கேள்விக்கு பதில், நோய் இல்ல.” நான் கடிதத்தை வாங்கிக் கோப்பில் சொருகினேன். சொருகியதோடு சரி. ஆட்டிசம் என்றால் சின்னப் பிள்ளைகள் விஷயம், இவர்தான் வேலைக்குப் போகிறாரே, சம்பளம் வாங்குகிறாரே என்று என் மண்டையில் ஒரு நினைப்பு.

அவர் எந்தக் கேள்வியையும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார். கேட்டால் வீட்டுக்குக் கொண்டு போவார். உட்கார்ந்து யோசிப்பார். சரியான பதில் கிடைத்த பிறகுதான் வாயைத் திறப்பார். எத்தனை நாள் ஆனாலும் கேட்டவரைத் தேடி வந்து சொல்லாமல் விட மாட்டார். ஒரு கேள்விகூட அவரிடம் தவறிப் போனதில்லை.

ஒரு மத்தியானம் நாசி கண்டார், அதாவது சோறும் குழம்பும், வாங்கப் போனபோது வரிசையில் எனக்கு முன்னால் அவர் நிற்பதைப் பார்த்தேன். எனக்குத் திக்கென்றது. அந்தக் கடை பாய் கேட்கிற வேகம் ஊருக்கே தெரியும். கோழியா, மீனா, என்ன குழம்பு, வெண்டைக்காய் வேண்டுமா என்று மூச்சு விடுவதற்குள் நான்கு கேள்வி. இவர் மின்விசிறியைப் பார்க்கப் போகிறார், பின்னால் நிற்பவர்கள் கத்தப் போகிறார்கள் என்று நான் காத்திருந்தேன். பாய் ஒன்றுமே கேட்கவில்லை. தயாராக இருந்த தட்டை நீட்டினார். இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்துக் கொடுத்தார். பாய் அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் குத்தி வைத்துவிட்டு, இன்னொரு துண்டைக் கொடுத்தார்.

“என்ன பாய், கடுதாசிப் போக்குவரத்து?” என்றேன்.

“மொதல்ல இவரு வந்தப்ப வரிசையே நின்னுபோச்சு மிஸ்ஸி. என்ன கேட்டாலும் மேல பாக்குறாரு. வாய் பேச முடியாதோன்னு நெனச்சேன். மறுநா வந்து ‘மீன்’னாரு. நேத்து கேட்டதுக்கு. அப்புறம் என்னலா, நாளைக்கு உள்ளத இன்னிக்கே எழுதிக் குடுத்துர்றது. மூணு எழுதுவேன், ஒண்ணுக்கு டிக் போட்டுக் கொண்டாருவாரு. எனக்கு யாவாரம், அவருக்குச் சோறு. முடிஞ்சுச்சு.”

கிளினிக்குக்கு வந்து இதை நடித்தே காட்டினேன். எல்லாரும் சிரித்தோம். பாய் எவ்வளவு பெரிய காரியத்தை எவ்வளவு சாதாரணமாகச் செய்திருக்கிறார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்திருந்தேன். வந்தார். முறுக்குத் தட்டை நீட்டி, “எப்படி அண்ணே இருக்கு, நம்ம கைப்பக்குவம்?” என்றேன். கூரையைப் பார்த்தார். எனக்குப் பழகிவிட்டதால் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் கிளினிக்கில், என் நாத்தனார் பக்கத்தில் நிற்கும்போது வந்து சேர்ந்தது பதில்: “முறுக்குல உப்பு கூட. ஆனா ரெண்டாவது டின்ல இருந்தது சரியா இருந்துச்சு. அது கடை முறுக்கு.” இரண்டு டின்னும் நானே சுட்டது என்று ஊரெல்லாம் பீற்றியிருந்தேன். நாத்தனார் இன்றைக்கும் தீபாவளிக்கு வந்தால் “அந்த ரெண்டாவது டின்ன எடு” என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

அவருக்கு ஒரு தங்கை. அதே அடுக்குமாடியில் இரண்டு மாடி கீழே குடியிருந்தாள். ஒருநாள் மருந்து வாங்க வந்தவள் சொன்னாள்: “எங்கம்மா இருந்தப்ப ஒரு பொண்ணு பாத்தாங்கக்கா. போய்ப் பாத்துட்டு வந்து, புடிச்சிருக்கான்னு கேட்டா பேசவே இல்ல. புடிக்கல போலன்னு விட்டுட்டோம். பதினோரு மாசம் கழிச்சு ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டே ‘புடிச்சிருக்கு’ன்னாரு. அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு வளைகாப்பே முடிஞ்சிருச்சு.” இருவரும் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவள் போன பிறகு எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

“ஏன் என்னப் பாத்தா சிரிக்கிறீங்க?” என்று அவர் ஒரு தடவை கேட்டார். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “உங்களப் பாத்தாலே சந்தோஷமா இருக்கு அண்ணே, அதான்” என்றேன். மூன்று நாள் கழித்து வந்தார். “சரி. சிரிங்க” என்றார்.

பிறகு அந்தத் தொழிற்சாலை கடலைத் தாண்டி சிம்பாங் அம்பாட்டுக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பாலத்தின் வழியாக வேனில் கூட்டிப்போவார்கள். ஷிப்ட் நேரம் வேறு, நாற்காலி வேறு, சாப்பாடு உள்ளே இருக்கும் கேன்டீனில். மூன்று நாற்பது பஸ் இனி இல்லை. இதை அவர் என்னிடம் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அட, புது எடம், புது சாப்பாடு, ஜாலிதானே அண்ணே?” அவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அந்த மாதம்தான் எங்களுக்குப் புதிதாக ஒரு பாரம், அதாவது கேள்விப் படிவம், வந்திருந்தது. மாதா மாதம் மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் மனசு எப்படி இருக்கிறது என்று ஏழு கேள்வி கேட்டு, ஆமா, இல்லை என்று குறி போட வேண்டும். ஏழாவதுதான் முக்கியமான கேள்வி. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் இந்த இரண்டு வாரத்தில் வந்ததா என்று கேட்பது. பாரம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழ் ஆட்களுக்கு நான் வாயால் கேட்டுக் குறி போடுவேன்.

நம்மாட்களிடம் இதையெல்லாம் நேராகக் கேட்க எனக்குக் கூச்சம். அதனால் நானே ஒரு வழி வைத்திருந்தேன். “சோறு தண்ணி எறங்காமெல்லாம் இல்லதானே? தூக்கம் வராமெல்லாம் இல்லதானே? சாகணும் கீகணும்னு நெனப்பெல்லாம் ஒண்ணும் இல்லதானே?” ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் பதிலை நானே ஒட்டிக் கொடுத்துவிடுவேன். பேசாமல் இருந்தால் இல்லை என்று வைத்துக்கொள்வேன். ஒரு ஆளுக்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. கிளினிக்கிலேயே வேகமாகப் பாரம் முடிக்கிறவள் நான்தான் என்று எனக்குப் பெருமை வேறு.

அவரிடமும் அப்படித்தான் கேட்டேன், ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழு கேள்விக்கும் அவர் மின்விசிறியைப் பார்த்தார். ஏழிலும் இல்லை என்று குறி போட்டேன். எனக்குத் தெரியாத மனிதரா? செவ்வாய்க்கிழமை கேட்டால் வியாழக்கிழமை சொல்வார் என்று ஊருக்கெல்லாம் நடித்துக் காட்டியவளே நான்தானே. ஆனால் பாரம் என்று வந்தபோது அது என் நினைப்பிலேயே இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வியாழக்கிழமை மூன்றரை மணி. வரிசையில் வந்து நின்றார். நான் ஒரு கையில் போன், ஒரு கையில் மருந்துச் சீட்டு.

“மிஸ்ஸி, செவ்வாக்கெழம கேட்டதுக்கு பதில். ஒண்ணுல இருந்து ஆறுவரைக்கும் இல்ல. ஏழாவதுக்கு ஆமா. பதினாலு நாள்ல பதினோரு நாள். மத்த மூணு நாள் எனக்குக் காய்ச்சல், ஒண்ணுமே நெனைக்கல.”

உப்பு கூட என்று சொன்ன அதே குரல். “சரி அண்ணே, தேங்க்ஸ்” என்றேன் நான். அவரும் தன் வேலை முடிந்தது என்று திரும்பி நடந்தார். நான் அடுத்தவருடைய சீட்டை வாங்கினேன். அதில் பெயரைப் படித்தேன். அப்புறம்தான் ஏழாவது கேள்வி எது என்று எனக்கு ஞாபகம் வந்தது.

போனைக் கீழே வைத்தேனா, போட்டேனா தெரியாது. ஓடினேன். என் உடம்புக்கு நான் ஓடி இருபது வருடம் இருக்கும். கிளினிக் சிலிப்பர் ஒன்று வாசலிலேயே கழன்றுவிட்டது. வெள்ளைச் சட்டையும் ஒற்றைச் சிலிப்பருமாக நான் சாலையில் “அண்ணே, அண்ணே” என்று ஓடியதைப் பார்த்து, யாரோ மாத்திரை திருடிக்கொண்டு ஓடுகிறான் என்று நினைத்து, ஒரு பழக்கடைக்காரரும் கூடவே ஓடி வந்தார்.

பஸ் வந்து நின்றிருந்தது. அவர் படியில் காலை வைத்துவிட்டார்.

“அண்ணே, எறங்குங்க. டாக்டரப் பாக்கணும்.”

“இது மூணு நாப்பது பஸ்” என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் பேசிப் பிரயோசனமில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவரை இறக்க முடியாது. சரி, நான் ஏறினேன். டிரைவர் என் சட்டையையும் காலையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. பழக்கடைக்காரரிடம் போனை இரவல் வாங்கிக்கொண்டேன். பாவம், அவரும் கூடவே ஏற வேண்டியதாயிற்று.

எங்கள் டாக்டர் ஒரு சீனப் பெண், வயது கம்மி, கெட்டிக்காரி. மலாயில் பேசினோம். விஷயத்தைச் சொன்னேன். கணினியில் பாரத்தைத் திறந்து பார்த்திருப்பார் போல.

“ஏழுமே இல்லை என்றுதானே இருக்கிறது?”

“அது அவர் சொன்னதில்லை டாக்டர். நான் போட்டது.”

இத்தனை வருட வேலையில் எனக்கு அப்படி வெட்கமாக இருந்ததில்லை.

“சரி. அவரை விட்டு நகராதீர்கள். இன்றைக்கு அவர் தனியாக இருந்தால் ஆபத்து இருக்கிறதா என்று கேளுங்கள். இப்போதே கேளுங்கள்.”

கேட்கலாம். பதில் சனிக்கிழமைதான் வரும். சனிக்கிழமைவரை காத்திருக்கிற கேள்வியா இது? அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு லேசான சிரிப்புகூட இருந்தது. அது அந்த பஸ்ஸுக்கான சிரிப்பு, எந்நாளும் இருப்பதுதான். தெரியாதவர்கள் பார்த்தால் இந்த மனிதருக்கா அப்படி ஒரு எண்ணம் என்று கேட்பார்கள். எனக்குப் பயத்தில் வாய் துறுதுறுத்தது. அண்ணே அப்படியெல்லாம் இல்லதானே, சும்மாதானே சொன்னீங்க, என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கடித்து முழுங்கினேன்.

அப்போதுதான் பாயின் காகிதத் துண்டு ஞாபகத்துக்கு வந்தது. சட்டைப் பையில் பேனா இருந்தது. காகிதம் இல்லை. பழக்கடைக்காரர் மடித்து வைத்திருந்த பழுப்புப் பையை நீட்டினார். அதைக் கிழித்து எழுதினேன்: “இன்று தனியாக இருந்தால் எனக்கு ஆபத்து.” கீழே மூன்று கட்டம். ஆமா. இல்லை. தெரியவில்லை. பேனாவோடு அவர் மடியில் வைத்துவிட்டு, நான் அவரைப் பார்க்காமல் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன்.

ஒரு நிறுத்தம் போனது. இரண்டு போனது. பழக்கடைக்காரர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன், யாரும் மூச்சு விடவில்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்கு என்னைப் பார்த்திருந்தால் ஏதோ காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிப் போயிருப்பார். ஆயர் ஈத்தாம் சந்தைக்கு முந்திய நிறுத்தத்தில் காகிதம் என் மடிக்கு வந்தது. மூன்றாவது கட்டத்தில் குறி. தெரியவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். “தெரியவில்லை என்றால் ஆமா என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்” என்றார். ஆயர் ஈத்தாமில் இறங்கியதும், டாக்டர் போனில் சொல்லியிருந்த தங்கை ஓடி வந்தாள். வீட்டுக்குள் போய் அவர் தன் சட்டைகளில் ஒன்றை எடுத்துப் பையில் வைக்கும்வரை பொறுத்தோம். எங்கே போகிறோம், எந்த வழி, எத்தனை மணிக்கு என்று டாக்டர் சொல்லச் சொல்ல எழுதி அவர் கையில் கொடுத்தேன். படித்தார், மடித்தார், டாக்டர் அனுப்பிய வண்டியில் ஏறினார். வெளிச்சம் இருக்கும்போதே மருத்துவமனைக்குப் போய்விட்டோம். அங்கே அவர் என்னென்ன சொன்னார் என்பது அவருடைய சொந்த விஷயம், நான் எழுத மாட்டேன். நாங்கள் போனது நல்லதாகப் போயிற்று என்று மட்டும் அங்கிருந்த டாக்டர் சொன்னார். வராந்தாவில் உட்கார்ந்து நான் அழுதேன். தங்கையும் அழுதாள். பழக்கடைக்காரர் எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சூடாக மைலோ வாங்கி வந்தார்.

சில வாரம் கழித்து, அவர் தேறி வந்த பிறகு, டாக்டர் அந்தப் பாரத்தை மேசையில் போட்டு, “இதைச் சரி செய்ய வேண்டும். அவரிடமே கேட்போம்” என்றார். முதல் நாளே பாரத்தைக் கொடுத்துவிட்டோம். அவர் வீட்டில் வைத்துச் சில்லுகளைப் பார்ப்பது போலப் பார்த்து, பழுதுகளுக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டுக் கொண்டுவந்தார். பாரத்தில் வெள்ளை இடமே மிச்சமில்லை.

“‘சில நாட்கள்’னு போட்டிருக்கு. எத்தனைன்னு போடல. ‘வழக்கம்போல் மற்றவர்களோடு பழகினீர்களா’ன்னு இருக்கு. வழக்கமே நான் பழக மாட்டேன். அதனால வழக்கம்போலத்தான் இருந்தேன். ‘உற்சாகம் குறைந்ததா’ன்னு இருக்கு. எனக்கு முன்னயும் இவ்வளவுதான்.”

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குச் சிரிக்க நேரமில்லை, எழுதிக்கொண்டிருந்தேன்.

“அப்புறம் மிஸ்ஸி ‘தானே’ போடக் கூடாது” என்றார்.

“ஏன் அண்ணே?” என்று கேட்டுவிட்டு, அவர் பதிலை நானே முடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அதிசயமாக என்னைப் பார்த்தார். ஒரு நாள் கழித்து வந்தது: “‘தானே’ன்னு கேட்டா, ஆமான்னு சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியுது. உங்களுக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம் கேட்டதுக்கு சரியான பதில் சொல்லணும்னு வந்தேன்.”

அதையும் எழுதிக்கொண்டேன்.

இப்போது எங்கள் கிளினிக்கில் பாரம் முதல் நாளே வீட்டுக்குப் போகிறது. எழுதியும் கொடுக்கலாம், செய்தியும் அனுப்பலாம். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஸ்டோர் அறைக்குப் பக்கத்தில் சத்தமில்லாத ஒரு நாற்காலி. யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. ஆமா, இல்லை இரண்டுக்கும் பக்கத்தில் “இன்னும் பதில் வரவில்லை” என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஏழாவது கேள்வியில் அதற்குக் குறி விழுந்தால் அந்த ஆளைத் தனியே அனுப்புவதில்லை. நான் பாரம் முடிக்கும் நேரம் இப்போது கிளினிக்கிலேயே மிக அதிகம். அதிலும் பெருமைதான்.

டாக்டர் கடைசியில் எட்டாவதாக ஒரு கேள்வி சேர்த்தார். உங்களை உயிரோடு இருக்க வைப்பது எது? முதல் பிரதியை அவரிடம்தான் கொடுத்தோம். ஏழு கேள்விக்கும் இரண்டு நாளில் பதில் வந்துவிட்டது. ஏழாவதுக்கு இல்லை என்றிருந்தது. அது அவர் போட்ட இல்லை, என் கண்ணுக்கு அதைவிட அழகான குறி இருந்ததில்லை. எட்டாவது மட்டும் காலி. நான்கு நாள் போனது. ஒரு வாரம் போனது. தங்கையிடம் தினமும் விசாரித்துக்கொண்டுதான் இருந்தேன். நல்லா சாப்பிடுறாருக்கா, தூங்குறாருக்கா என்றுதான் சொன்னாள். ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்தாம் நாள் அவரே மாத்திரை வாங்க வந்தபோது கேட்டே விட்டேன்.

“அண்ணே, எட்டாவதுக்கு இன்னும் பதில் வரலியே?”

“இன்னும் கெடைக்கல. யோசிச்சுக்கிட்டு இருக்கேன். தப்பா சொல்லக் கூடாது.”

“எவ்வளவு நாள் ஆகும் அண்ணே?”

மின்விசிறியைப் பார்த்தார். போய்விட்டார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன், ஆனால் இந்தத் தடவை மறக்கவில்லை. மறுநாளைத் தள்ளினேன். அதற்கு மறுநாள், மருந்து வாங்க முப்பது பேர் நிற்கும்போது போனில் செய்தி வந்தது.

“மிஸ்ஸி, எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டீங்க. கணக்குப் பண்ணிப் பாத்தேன். எட்டாவது பெரிய கேள்வி. எனக்கு ரொம்ப வருஷம் ஆகும். அவசரப்படுத்தாதீங்க.”

நான் ஸ்டோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மருந்துப் பெட்டிமேல் உட்கார்ந்து, அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியாமல் குலுங்கினேன். என்ன ஆயிற்றோ என்று டாக்டர் ஓடி வந்தார். செய்தியை மலாயில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “சரி என்று பதில் போடுங்கள், சீக்கிரம் போடுங்கள்” என்றார்.

“சரி அண்ணே. மெதுவா யோசிங்க” என்று போட்டேன்.

பிறகு தங்கை சிம்பாங் அம்பாட்டில் தொழிற்சாலைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பார்த்தாள். குடி போவதற்கு முன் மூன்று தடவை அந்த வழியை நடந்து பார்த்துக்கொண்டார். அதன் பிறகு நான் அவரை நேரில் பார்ப்பது அபூர்வம். ஆண்டுகள் ஆகிவிட்டன. போனில் நான் கேட்கும் மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. குழாயில் தண்ணீர் பரவாயில்லையாம். கேன்டீன் மீன்குழம்பில் புளி கம்மியாம். முட்டி வலி வலது பக்கம் மாறிவிட்டதாம். எட்டாவதுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.